வாடுகிற செம்பருத்திக்கு வாளியைத் தூக்கும் முன்

இலை தொங்கிய செம்பருத்தியைக் கண்டதும் கை வாளிக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. ஊற்றி ஊற்றியே ஒரு செடியை அழுகவிட்டேன். தண்ணீர் குறைந்தாலும் செடி வாடும், மிஞ்சினாலும் வாடும். நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுமுட்டும் வேர் நீரை உறிஞ்சாது. மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

படி 1: நேரம் பாருங்கள்

உச்சிவெயிலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை நீரை இழக்கிறது, அவ்வளவுதான். விடியற்காலையிலும் தொங்கினால்தான் சிக்கல்.

படி 2: விரலை விடுங்கள்

தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, 5 செ.மீ. ஆழத்துக்கு. மேல்மண்ணை நம்பாதீர்கள், அது வெயிலில் அரை நாளில் காய்ந்துவிடும்.

உள்ளேயும் பொடியாக உதிர்ந்தால் தாகம். தரையில் உள்ள செடிக்குக் குழாயை மெல்லிய தாரையாகத் திறந்து வெகுநேரம் விடுங்கள். தொட்டிச் செடியில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் அந்த இடுக்கில் ஓடி அடித்துளை வழியே போய்விடும். நடுவில் வேர் நனைந்தே இருக்காது. தொட்டியின் முக்கால் உயரம் முங்கும்படி நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு எடுத்து வடியவிடுங்கள்.

படி 3: ஈரம் இருந்தும் வாடினால்

செடியைத் தொட்டியோடு சாய்த்து, மண்ணுருண்டை உடையாமல் உருவுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகல் வேர் கறுத்து, நசுக்கினால் தோல் வழுக்கிக் கழன்று வரும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். கறுத்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி, வடிகால் உள்ள புது மண்கலவையில் நடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேல்கிளைகளையும் கவாத்து செய்யுங்கள், அதாவது வெட்டிக் குறையுங்கள். மொட்டுகளையும் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான்.

படி 4: மண்ணும் வேரும் நன்றாக இருந்தால்

இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பியிருப்பது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசை போனாலே அங்கே தேடுங்கள். நீரை வேகமாக அடித்துக் கழுவி, மென்மையான சோப்புக் கரைசலை மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு முறையாவது திரும்பச் செய்தால்தான் அடங்கும்.

ஒரே ஒரு கிளை மட்டும் வாடினால் அதை வெட்டிப் பாருங்கள். துளை இருந்தால் தண்டைக் குடையும் துளைப்பான் புழு. வெட்டுமுகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் பூஞ்சை வாடல் நோயாக இருக்கலாம். இரண்டிலும் நல்ல நிறம் வரும்வரை கீழிறங்கி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைக் கிருமிநீக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

படி 5: பிறகு

நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் போடவே போடாதீர்கள். உரத்தின் உப்பு ஏறினால் அடிபட்ட வேர் கருகிவிடும். இலை எல்லாம் கொட்டிவிட்டால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. துளிர் வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தினமும் விரல்தான், மண் காய்ந்தால் மட்டும் நீர். துளிர் இரண்டு மூன்று இலை விரித்ததும் பாதி அளவு உரத்தில் தொடங்கலாம்.