எழுத்துருவையும் கூடவே அனுப்புங்கள்

தமிழும் மலையாளமும் கலந்த பில் மென்பொருளைக் கியூட்டி (Qt) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதுபவர்கள், நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மலையாளம் எழுத்துருக்களை மென்பொருளுக்குள்ளேயே வைத்து, தொடக்கத்தில் 'ஆட்அப்ளிகேஷன்ஃபான்ட்' (addApplicationFont) என்ற கட்டளை மூலம் ஏற்றிவிடுங்கள். விண்டோஸில் இரண்டு மொழிக்கும் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு இருக்கிறது. சில லினக்ஸ் கணினிகளில் இந்த மொழிகளுக்கான எழுத்துரு எதுவும் இருக்காது, 'ஏலக்காய்' வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் நிற்கும். கணினிக்குக் கணினி எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலமும் மாறுவதால், செங்கோட்டைக் கடையில் நேராக நின்ற விலைப் பத்தி குமுளிக் கடையில் கோணலாகிவிடும். நோட்டோ எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், சேர்த்து வழங்கக் கட்டணம் கிடையாது, அவசியம் செய்யுங்கள்.

தெர்மல் பிரிண்டருக்கு வெறும் எழுத்தாக அனுப்பினால் மட்டும் இது உதவாது. அது தனக்குள் இருக்கும் எழுத்துருவைத்தான் பயன்படுத்தும். அங்கே பில்லைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும்.