பங்குச் சந்தையின் ஒரு நாளை முப்பரிமாணப் பரப்பாக வரைந்து கண்காணிப்பது எப்படி?

நியூயார்க் பங்குச் சந்தை 1999-ஆம் ஆண்டில், அசிம்ப்டோட் என்னும் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த கணினித் திரையில் தெரியும் முப்பரிமாண வர்த்தகக் களத்தைக் கண்காணிப்புக்காக நிறுவியது. அன்று மிகத் திறன்வாய்ந்த கணினிகள் தேவைப்பட்ட அத்தகைய காட்சியின் எளிய வடிவத்தை, பைத்தான் நிரல்மொழியும், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், வரைபடங்களை வரையும் பிளாட்லி ஆகிய இலவச நிரல் நூலகங்களும் கொண்டு இன்று நம் மடிக்கணினியிலேயே உருவாக்கலாம்.

முதலில் அட்டவணையை அமைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வர்த்தகம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை, அதாவது 375 நிமிடங்கள் நடக்கிறது. அச்சந்தையின் முதன்மைக் குறியீடான நிஃப்டியின் 50 பங்குகளையும் வரிசைகளாகவும், நிமிடங்களை நெடுவரிசைகளாகவும் வைத்தால் 18,750 கட்டங்கள் கிடைக்கும். பங்குகளை அகர வரிசையில் அடுக்காமல் துறைவாரியாக அடுக்குங்கள். வங்கிப் பங்குகள் அருகருகே இருந்தால்தான் அத்துறை முழுவதும் எழும்பும்போது அது ஒரே மேடாகத் தெரியும்.

அடுத்து, உயரம் எதைக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வர்த்தக அளவை, அதாவது அந்த நிமிடத்தில் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை, அப்படியே உயரமாக வைத்தால், பெரிய பங்குகள் மட்டுமே மலையாக நிற்கும். மேலும், எந்த நாளிலும் காலையிலும் மாலையிலும் வர்த்தகம் மிகுந்து நண்பகலில் குறைவதால், இயல்பான ஏற்ற இறக்கமே எச்சரிக்கைபோலத் தோன்றும். ஆகவே, ஒவ்வொரு பங்குக்கும் கடந்த 20 வர்த்தக நாட்களில் அதே நிமிடத்தில் பதிவான அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) கணக்கிட்டு, இன்றைய அளவை அதனால் வகுத்து வரும் விகிதத்தையே உயரமாகக் கொள்ளுங்கள். விகிதம் 1 என்றால் வழக்கமான நிலை. 5 என்றால் கவனிக்க வேண்டிய நிலை.

தரவு வராத கட்டத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பாதீர்கள். வர்த்தகம் நடக்காததும் தகவல் வந்துசேராததும் வேறு வேறு. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணி அளவில் வர்த்தகம் நின்று, பிற்பகல் 3.45-க்கு மீண்டும் தொடங்கியது. அந்த நாளை வரைந்தால் 50 வரிசைகளிலும் ஒரே நேரத்தில் இடைவெளி விழ வேண்டும். ஒரு வரிசையில் மட்டும் இடைவெளி விழுந்தால், முதலில் அந்தப் பங்கின் தரவையே சரிபாருங்கள்.

பின்னர் பிளாட்லியின் பரப்பு வரைபடத்தில் விகித அட்டவணையைக் கொடுங்கள். நிறத்தையும் உயரத்துக்கே செலவிடாமல், விலை மாற்றத்தின் விழுக்காட்டுக்கு ஒதுக்கினால், அதே படத்தில் இன்னொரு தகவலும் கிடைக்கும்; சிவப்பும் பச்சையும் சிலருக்கு வேறுபட்டுத் தெரியாது என்பதால் நீலத்தையும் ஆரஞ்சையும் பயன்படுத்துவது நல்லது.

உயர்ந்த மேடு தனக்குப் பின்னால் உள்ளதை மறைத்துவிடும். படத்தைச் சுழற்றிப் பார்க்க முடிந்தாலும், வேகமாக நகரும் சந்தையில் அதற்கு நேரம் இருக்காது. அதனால் அதே அட்டவணையின் தட்டையான வெப்ப வரைபடத்தை (உயரத்துக்குப் பதில் நிறத்தால் மதிப்பைக் காட்டும் படத்தை) பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.