சூப் தண்ணியா இருக்குன்னு வெண்ணெய் டப்பாவைத் திறக்காதீங்க

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். "அக்கா, பால் எதுவும் சேர்க்காமத்தான் கோழி சூப் வெச்சேன். வெந்நீர் மாதிரி இருக்கு. கொஞ்சூண்டு வெண்ணெய் போட்டுடவா?" அவள் பையனுக்குப் பால் ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடித்துவிடும். என் மகளுக்கும் அதே கதைதான், நானும் இதே கூத்தெல்லாம் அடித்தவள்தான். சூப்பில் நாம் தடுமாறுகிற இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இஞ்சி பூண்டு தட்டுவது உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

எலும்பில்லாத கறி

அது சில்லி சிக்கனுக்கு. சூப்புக்குக் கழுத்து, இறக்கை, கால் கேட்டு வாங்குங்கள்.

அவசரம்

இதை நினைத்தால் இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளுக்குச் சளி என்று போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போய், முட்டை விட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியாகப் பார்த்து, பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, கடைசியில் குக்கரில் போட்டுத் தீயைக் கூட்டி நாலு விசில் விட்டு, அடங்கும் வரைகூடப் பொறுக்காமல் கரண்டியால் விசிலைத் தூக்கிவிட்டேன். புஸ்ஸென்று ஆவி போனது. திறந்தால் கழனித் தண்ணி! ஆவியை அப்படித் திடீரென்று விட்டால் உள்ளே தண்ணீர் தளதளவென்று பொங்கி, கொழுப்பைச் சிறுசிறு துளியாக உடைத்துக் கலக்கிவிடும். அப்புறம் வடிகட்டினாலும் பிரியாது. கிழட்டுக் கோழிக்கு நாலு விசில் எந்த மூலைக்கு? கறி ரப்பர், எலும்பிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை.

சரி, ருசியாவது வரட்டும் என்று பாக்கெட் சூப் பொடி ஒன்றைக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குக் கண் இமை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டு வீடு திரும்ப நள்ளிரவு. வந்து குப்பையிலிருந்து பாக்கெட்டைப் பொறுக்கிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் பால் பவுடர் இருக்கிறது என்று அச்சிட்டே இருந்தது.

சூப்புக்குக் கனம் எலும்பும் தோலும் ஜவ்வும் கரைவதில் வருகிறது, பாலில் அல்ல. ஒரு கிலோ கோழிக்கு இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, திறந்த பாத்திரத்தில் மெதுவாகச் சூடேற்றுங்கள். சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு வரும், அதைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அடுப்பைக் குறைத்து, ஓரத்தில் ஒவ்வொரு குமிழாக வந்து உடைகிற அளவில் வையுங்கள். பிராய்லருக்கு முக்கால் மணி நேரம் போதும், முற்றிய நாட்டுக்கோழி இரண்டு மணி நேரம்கூடக் கேட்கும். கொஞ்சம் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், கட்டித் தயிர் மாதிரி உறைந்து ஆடினால் வேலை முடிந்தது.

இன்னும் கெட்டியாக வேண்டுமா? தர்மபுரிப் பக்கம் இருந்துகொண்டு கேழ்வரகு மாவுக்கா பஞ்சம்? அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் மாவை ஆறிய தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் கிளறிக் கொதிக்க விடுங்கள். கொதிக்கிற சூப்பில் மாவை நேராகத் தூவினால் உருண்டை உருண்டையாகத்தான் குடிக்க வேண்டும்.

நெய்

நெய்யும் பாலிலிருந்து வந்ததுதான். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வேண்டாம். தேங்காய்ப்பாலுக்குப் பெயரில்தான் பால் (என் மாமியார் இதை நம்பவே ஒரு வருஷம் ஆயிற்று).

முதலிலேயே உப்பு

சூப் வற்றும், உப்பு வற்றாது. கடைசியில் போடுங்கள்.

மிளகு

இடித்து, இறக்கும்போது. மணிக்கணக்கில் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும்.

ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில்

இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் வழித்து எடுத்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் டம்ளரில் இருந்ததைச் சட்டியிலேயே திரும்ப ஊற்றச் சொல்லி, கழுத்தும் காலும் வாங்க அனுப்பினேன். சாயங்காலம் பையன் இரண்டாவது டம்ளர் கேட்டு நின்றானாம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. உப்புப் போட மறந்திருந்தாள்.