மாதந்தோறும் பழப்பெட்டி: பரிசாக அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இருக்கும் என் பெற்றோருக்கு மாதம் ஒருமுறை பழப்பெட்டி போய்ச் சேரும்படி ஒரு வருடச் சந்தா கட்டியிருந்தேன். நான்காம் மாதம் ஊருக்குப் போனபோது, அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்துப் பழங்களைப் பரப்பி வைத்திருந்தார். சப்போட்டாக்கள் தோல் சுருங்கிக் கிடந்தன. பப்பாளியின் காம்புப் பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. வாழைப்பழங்கள் கறுத்து நீர் விட்டிருந்தன. போனில் கேட்ட போதெல்லாம் "பழம் நன்றாக இருக்கிறதப்பா" என்றுதான் சொல்லிவந்தார். பாதிப் பெட்டி எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

நான் செய்த முதல் தவறு அளவு. பெரிய பெட்டியாக அனுப்பினால்தான் மனம் நிறையும் என்று 6 கிலோ பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் என்று கணக்குப் போட்டால் இரண்டு பேருக்கு 30 நாளுக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கனிந்த பழம் 30 நாள் காத்திருக்காதே! அத்தனையும் ஒரே நாளில் வந்து இறங்கினால் முதல் வாரத்தில் திணறலும் அடுத்த மூன்று வாரம் வெறும் கூடையும்தான் மிச்சம். அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. வீணாக்க மனம் வராத பெரியவர்கள் அழுகத் தொடங்கிய பழத்தை முதலில் நறுக்கித் தின்றுவிட்டு, நல்லதை நாளைக்கு எடுத்து வைப்பார்கள். நாளைக்கு அதுவும் அழுகத் தொடங்கியிருக்கும். இப்படி மாதம் முழுவதும் நல்ல பழம் ஒன்றுகூட அவர்கள் வாய்க்குப் போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் இரண்டு பழம் கொடுத்தனுப்புவது நம் வீடுகளில் இருக்கும் மகிழ்ச்சி. அழுகிவிடுமே என்று பதறிக் கொடுப்பது வேறு.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 15 நாளுக்கு ஒருமுறை 2 அல்லது 3 கிலோ போதும். மாதம் ஒருமுறைதான் அனுப்புவோம் என்று கடைக்காரர் சொன்னால், பெட்டிக்குள் என்ன போகிறது என்பதையாவது நீங்கள் முடிவு செய்யுங்கள். வந்த மூன்று நாளில் தின்ன வேண்டியவை கொஞ்சம்: கனிந்த வாழை, பப்பாளி, திராட்சை. வீட்டிலேயே பழுக்கக்கூடியவை கொஞ்சம்: காயாக இருக்கும் மா, சப்போட்டா. மூன்றாம் வாரம் வரை தாங்குபவை மீதி: மாதுளை, சாத்துக்குடி, ஆப்பிள். திராட்சையும் சாத்துக்குடியும் மாதுளையும் பறித்த பிறகு பழுக்காதவை. புளிப்பாக வந்தால் புளிப்பாகவேதான் இருக்கும். ஆப்பிளும் வாழையும் எத்திலீன் வாயுவை வெளிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பக்கத்துப் பழமும் சீக்கிரம் கனிந்து கெடும். ஆகவே பெட்டி வந்தவுடன் பிரித்துத் தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் அனுப்பும்போது எப்படிப் பழுக்க வைக்கிறார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு.

பெறுகிறவரின் உடம்பைப் பற்றிக் கேட்காமல் அனுப்புவதும் தவறுதான். சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்குச் சித்திரையில் பெட்டி நிறைய மாம்பழம் போனால், கண்முன் வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் தவிப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பலருக்குப் பொட்டாசியம் மிகுந்த வாழை, ஆரஞ்சு போன்றவற்றை மருத்துவர்கள் குறைக்கச் சொல்வார்கள்; நட்சத்திரப் பழம் அவர்களுக்கு ஆபத்தானது. பல்லையும் மறக்க வேண்டாம். கெட்டிக் கொய்யாவின் விதையைக் கடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். விரல் மூட்டு வலிக்கும் கைகளுக்கு மாதுளை உதிர்ப்பது பெரிய வேலை.

அடுத்து, பன்னிரண்டு மாதமும் ஒரே பெட்டி. ஆப்பிள், கிவி, டிராகன் பழம் என்று வண்ணப்படத்தில் அழகாக இருக்கும். மூன்றாம் மாதமே சலித்துவிடும். பருவத்தோடு சேர்ந்து மாறும் சந்தாவைத் தேடுங்கள். சித்திரை, வைகாசியில் இமாம்பசந்தும் மல்கோவாவும், ஆனியில் நாவல், குற்றாலச் சாரலோடு மங்குஸ்தானும் ரம்புட்டானும், ஆவணி, புரட்டாசியில் சீத்தாப்பழம், குளிர்காலத்தில் நாக்பூர் ஆரஞ்சு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையைப் பெட்டியில் பார்த்தால் ஊர்ப் பெரியவர்களுக்கு வரும் சந்தோஷம் கிவிக்கு வராது.

முகவரியோடு உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். டெலிவரி செய்பவர் வாசலில் நின்று உங்களை அழைப்பார். நீங்கள் வெளிநாட்டில் உறங்கிக்கொண்டிருப்பீர்கள். பெட்டி எந்த நாளில் வர வேண்டும் என்பதையும் பெறுகிறவர்களிடமே கேளுங்கள். ஏகாதசிக்கோ பௌர்ணமிக்கோ விரதம் இருப்பவர்கள் என்றால் அதற்கு முந்தின நாள் வருவது பெரும் உதவி. பெட்டிக்குள் விலைச்சீட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "இவ்வளவு கொடுத்தா வாங்கினாய்?" என்ற கேள்வி வந்துவிட்டால் பழம் இனிக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலம் குறித்து முன்பணம் கட்டுவது நல்லது. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு என்றால், எப்படி நிறுத்துவது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். எந்த மாதத்தோடு முடிகிறது என்று பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் பெட்டி வராத மாதம் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு இப்போது சிறிய பெட்டிதான், மாதம் இரண்டு முறை. போன ஆனியில் நாவல் பழம் போய்ச் சேர்ந்த அன்று மாலை வீடியோவில் அழைத்தேன். அம்மா பதில் சொல்வதற்கு முன்பே அப்பா திரைக்குள் எட்டிப் பார்த்து, ஊதா நிறமாகிவிட்ட நாக்கை நீட்டிக் காட்டினார்.