வீடு பத்தலைன்னு கிளம்பும் முன்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

இரண்டாவது பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, "வீடு பத்தலைங்க." கோவை பீளமேட்டில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, 550 சதுர அடி. நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். கோவில்பாளையம் பக்கம் 1,050 சதுர அடியில் தனி வீடு கிடைத்தது. வாடகையும் மூவாயிரம்தான் கூட. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று பத்தே நாளில் எல்லாம் முடித்தோம். பதினோராம் மாதம் பீளமேட்டுக்கே திரும்பி வந்தோம்.

முதல் தவறு, எது பத்தவில்லை என்று கேட்டுக்கொள்ளாதது. திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். பழைய வீட்டில் நாள் முழுவதுமா இடித்தது? இல்லை. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை, பெரியவன் படிக்க வெளிச்சம் வேண்டும், சின்னவள் தூங்க இருட்டு வேண்டும். சண்டை எல்லாம் இந்த மூன்று மணி நேரத்தில்தான். மற்ற நேரம் வீடு பாதி காலியாகக் கிடந்தது. இதைக் கணக்கெடுக்காமல் நாங்கள் சதுர அடியை மட்டும் பார்த்தோம். இரட்டிப்பு இடம் என்ற மயக்கத்தில், புது வீட்டிலும் குளியலறை ஒன்றுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. சிரிக்காதீர்கள், வீடு பார்க்கப் போன நான்கு பேரில் ஒருவர்கூட எண்ணவில்லை.

ஆகவே வீடு தேடும் முன் ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், யாருக்கும் யாருக்கும் இடிக்கிறது என்று. சிலவற்றுக்குப் பின்வாசலில் ஒரு வாஷ்பேசினும் ஒரு கதவும் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டால் பாதிச் செலவுக்கு ஒத்துக்கொள்பவர்கள் உண்டு. நாங்கள் கேட்கவே இல்லை.

சாமானையும் ஆளாக எண்ணிவிடுகிறோம். அட்டாலி (பரண்) நிறைய என் கல்யாணச் சீர் பாத்திரம், கட்டிலுக்கு அடியில் என் வீட்டுக்காரர் என்றாவது காயில் கட்டப்போவதாகச் சொல்லும் மூன்று பழைய மோட்டார். இவற்றுக்கும் மாதம் மாதம் வாடகை கொடுக்கிறோம் என்று நினைத்தால் கழித்துப்போடக் கொஞ்சம் கை ஓடும்.

அடுத்தது ஒறம்பரைக்கான, அதாவது வரும் சொந்தபந்தத்துக்கான அறை. மாரியம்மன் நோம்பிக்கு வருவார்கள், காது குத்துக்கு வருவார்கள், ஒரு ரூம் எச்சா இருந்தால் நல்லது என்று மாமியார் சொன்னார். மறுக்க முடியுமா? வருடத்தில் ஆறேழு ராத்திரிக்காக மற்ற நாளெல்லாம் அந்த அறையைக் கூட்டித் துடைத்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்போம். எங்களைத் திருப்பி அனுப்பியது தூரம். சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கணபதி நெரிசலைக் காலை எட்டு மணிக்குப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்து, "அரை மணி நேரந்தானுங்க" என்று முடிவு கட்டினோம். திங்கட்கிழமை அது ஒரு மணி நேரம். பெட்ரோலும் பள்ளி வேன் கட்டணமும் சேர்ந்து, அந்த மூவாயிரம் ஏழாயிரத்தைத் தொட்டது. அதைவிடப் பெரிய இழப்பு என் அம்மா. பிள்ளைகளின் அமுச்சி மசக்காளிபாளையத்தில் இருக்கிறார். சின்னவளுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துக் கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். பள்ளி விட்டதும் பெரியவன் அங்கேதான் இருப்பான். அமுச்சி வீட்டுத் திண்ணையும் எங்கள் வீட்டின் ஓர் அறையாகத்தான் இருந்திருக்கிறது. 500 சதுர அடி கூடக் கிடைத்தபோது அந்த அறை போய்விட்டது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கு விலை போட்டுப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. கோவையில் ஒரு பகுதிக்குச் சிறுவாணி, இன்னொரு பகுதிக்குப் பில்லூர், ஊருக்கு வெளியே போகப் போக வேறு குடிநீர்த் திட்டங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆள் கூடினால் துணி கூடும், தண்ணீர்ச் செலவும் கூடும். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். வருவது நல்லதண்ணியா உப்புத்தண்ணியா? குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? போர் எத்தனை அடி, சித்திரையில் வருமா? இதைத் தரகரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்காதீர்கள். எதிர்வீட்டில் குடத்தோடு நிற்கும் அம்மாவிடம் கேளுங்கள். எங்களுக்கு அங்கே நல்லதண்ணி எட்டு நாளுக்கு ஒருமுறை. கீழ்த்தொட்டி சின்னது. ஆறாம் நாளிலிருந்து கேன் தண்ணீர்.

மின்சாரத்தில் ஒரு சின்ன விஷயம். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. தனி மீட்டர் இருந்தாலும், பெரிய வீட்டில் இரண்டு ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுக்கும் விகிதம் ஏறும்.

வாடகை வீடு என்றால் தவறைத் திருத்திக்கொள்ளலாம். எங்களுக்குப் போனது லாரி வாடகை இரண்டு தடவை, அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்க என்று பிடித்த ஒரு மாத வாடகை, ஒரு பீரோ கால். சொந்த வீடு அப்படி இல்லை.

என் நாத்தனார் வீட்டில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு பேசினார்கள். பேங்க் 80 சதவீதம் கொடுக்கும், 12 லட்சம் கையில் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த விலையில் உள்ள வீட்டுக்குக் கடன் கணக்கிடும்போது இந்தச் செலவைச் சேர்க்கக் கூடாது. ஆக, கையிலிருந்து 17 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 48 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் 20 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 41,650 ரூபாய். கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட ஒரு கோடி. குறைகிற பணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்றார் அவர் வீட்டுக்காரர். நகைக்கடன் வட்டியும் அந்த மாதத் தவணையோடு சேரும் என்பதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

அதோடு, அவர்கள் தவணைக்குக் கணக்குப் போட்டது ஓவர்டைம் ஓடிய மாதத்துச் சம்பளத்தை வைத்து. திருப்பூர்ப் பக்கம் இது பெரிய ஆபத்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் பனியன் கம்பெனிகளுக்கு வரவேண்டிய ஆர்டர் ஆட்டம் கண்டதை நேரில் பார்த்தவர்கள் நாம். நல்ல மாதத்தை விட்டுவிடுங்கள், போன வருடத்தின் மோசமான மூன்று மாதத்தை எடுங்கள். அதிலும் தவணை கட்ட முடியுமானால் மேலே பேசுங்கள்.

ஃபிளாட் என்றால் விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடியை நம்பி உங்கள் கட்டிலை அளக்காதீர்கள். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதைப் பங்கெல்லாம் அதில் இருக்கும். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும், அதைக் கேளுங்கள். சைட் (காலி மனை) என்றால் டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. ஒன்று குறைந்தாலும் "அப்புறம் வாங்கிக்கலாமுங்க" என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, அவசரம். ஆடியில் குடி போகக் கூடாது என்பதால் ஆனியில் ஊரே வீடு தேடுகிறது. அப்போது கிடைப்பது மற்றவர்கள் வேண்டாம் என்றது. எங்களுக்கு அது நன்றாகப் புரிந்தது. இரண்டாம் முறை மாசியிலேயே தேட ஆரம்பித்து, பள்ளி லீவு விட்டதும் மாறினோம்.

இப்போதைய வீடு 640 சதுர அடி, பழைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. குளியலறை இரண்டு. மோட்டார் மூன்றும் காயலான் கடைக்குப் போய்விட்டன. சீர் பாத்திரம் அட்டாலியில்தான் இருக்கிறது. நோம்பிக்கு ஒறம்பரை வந்தால் மொட்டை மாடியில் பாய் விரிக்கிறோம்.