செட்டிநாட்டு வீட்டில் குழாய்ப் பழுது: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முன்பகுதிக்கு அடுத்த பகுதியில், ஒரு சுவர் இருக்கிறது. கதவுநிலையை ஒட்டி இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் அதன் வழவழப்பு போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் கைகழுவ வசதியாக இருக்கட்டும் என்று அந்த இடத்தில் ஒரு வாஷ்பேசின் வைத்தோம். குழாயைச் சுவருக்குள் கொத்திப் புதைத்தார்கள். பிறகு ஐந்து மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகத் திறந்தபோது சுண்ணாம்புப் பூச்சு அப்பளம் போல உப்பிக்கொண்டு நின்றது. விரல் பட்டதும் உதிர்ந்தது. ஓடிவந்த பிளம்பர் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, இந்தப் பக்கத்துத் தண்ணீரை எங்கே நிறுத்துவது?" என்பதுதான். வீட்டில் நின்றிருந்த பதினாறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நான் குழாய் வேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அன்றுதான். இதுவரை குழாயைத் தொட்டே பார்க்காதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். எந்த ஊர் வீட்டுக்கும் இது பொருந்தும். பழைய சுண்ணாம்பு வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

வால்வுகளைக் கண்டுபிடிப்பது

பழுது எதுவும் இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள். மோட்டாரில் தொடங்கிக் குழாயின் கூடவே நடங்கள். கிணறோ ஆழ்துளைக் கிணறோ, அங்கிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் குழாய் ஒன்று. தொட்டியின் அடியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாய்கள் வேறு. இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்க வேண்டும்.

1. ஒரு வால்வை மூடுங்கள்.
2. கீழே ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். எது நின்றதோ அதை அந்த வால்வின் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.
3. "சமையற்கட்டு", "பின்கட்டுக் குளியலறை" என்று அடையாளம் எழுதி, மழையில் அழியாதபடி வால்விலேயே கட்டிவிடுங்கள்.

வட்டப்பிடி உள்ள பழைய கேட் வால்வு பல வருடம் அசையாமல் இருந்திருந்தால் பலம் காட்டாதீர்கள். கால் சுற்று மூடி, கால் சுற்று திறந்து, மறுபடியும் கொஞ்சம் மூடி, பொறுமையாக வழிக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே தண்டு முறிந்தால் வால்வையே மாற்ற வேண்டிவரும். முழுதாகத் திறந்தபின் அரைச் சுற்று பின்னால் திருப்பி வைத்தால் அடுத்த முறை இறுகி நிற்காது. மூடியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால், மோட்டாரை நிறுத்தி, இருக்கிற அண்டாக்களில் எல்லாம் பிடித்துத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வால்வை மாற்றுங்கள். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான்.

கையில் இருக்க வேண்டியவை

திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்று, பைப் ரெஞ்ச் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், அரை இஞ்சு வாஷர்கள் நாலைந்து, பழைய டூத் பிரஷ், ரப்பர் கப் வைத்த அடைப்பு நீக்கி, சைக்கிள் ட்யூப் துண்டு, ஒரு வாளி, நிறையப் பழந்துணி. பித்தளைக் குழாயை நேராக ரெஞ்சால் பிடித்தால் பல் பதிந்துவிடும். துணி சுற்றிப் பிடியுங்கள்.

சொட்டும் குழாய்

சொட்டுவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் அடியில் செம்பு வையுங்கள். விழுந்ததை அளந்து 24ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வரும். மழைநீரை முற்றத்தில் பிடித்து அண்டாவில் சேர்த்த வீடுகள் நம்முடையவை. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தவர்களின் வீட்டில் ஒரு குழாய் இரவெல்லாம் சொட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். வாயிலிருந்து என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியின் கழுத்திலிருந்து என்றால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. அங்குள்ள நட்டைச் சிறிது இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். சுவரை ஒட்டிய இடத்தில் என்றால் மரையில் கசிவு.

பலமுறை சுற்றித் திறக்கும் குழாய்க்கு வாஷர் மாற்றும் முறை:

1. வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள்.
2. கீழே பேசின் இருந்தால் அதன் வாயைத் துணியால் அடையுங்கள். விழுந்த ஸ்க்ரூ அதற்குள் போனால் இன்னொரு வேலை வந்து சேரும்.
3. கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் கீழுள்ள தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகி எடுங்கள்.
4. தண்டின் அடியில் வாஷர் இருக்கும். பழையதைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். கண்ணளவு போதாது.
5. குழாய்க்குள் விரலை விட்டு, வாஷர் போய் உட்காரும் வளையத்தைத் தடவுங்கள். மணலோ உப்புக்கட்டியோ இருந்தால் துடையுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. குழாயையே மாற்றுங்கள்.
6. திரும்பப் பூட்டும்போது தண்டைப் பாதி திறந்த நிலையில் வைத்துத் தலைப்பகுதியை இறுக்குங்கள். முழுதாக மூடிய நிலையில் இறுக்கினால் புது வாஷர் நசுங்கும்.
7. வால்வை மெதுவாகத் திறங்கள்.

சொட்டுகிற குழாயை எல்லாரும் இன்னும் பலமாக இறுக்கித்தான் பார்க்கிறார்கள். அது வாஷரை வெட்டி, வளையத்தையும் கெடுக்கிறது. கால் திருப்பில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் இருக்கும். மணல் கீறினால் அந்த உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

மரைக் கசிவுக்கு டெஃப்லான் டேப். குழாயைக் கழற்றி, பழைய டேப்பைப் பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்கக் கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பன்னிரண்டு, பதினைந்து சுற்று வேண்டும். பூட்டும்போது குழாயின் வாய் நேராக நிற்க வேண்டும் என்று பின்னால் திருப்பினால் சுற்றிய டேப் வீண். கழற்றி மறுபடியும் சுற்றத்தான் வேண்டும்.

இரும்புக் குழாயில் பித்தளைக் குழாய் பூட்டிய இடம் மட்டும் அரித்துப் போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு வேறு உலோகங்கள் தண்ணீருக்குள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினை நடக்கும். அதில் துத்தநாகப் பூச்சும் அடியில் உள்ள இரும்பும் கரையும், பித்தளை தப்பிக்கும். இத்தகைய அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த நிறுவனம் அது. வீட்டில் நாம் செய்யக்கூடியது, அந்த இணைப்புக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்பை வைத்து இரண்டையும் பிரிப்பது.

தண்ணீர் நூலாக வருகிறது

ஒரு குழாயில் மட்டுமா, எல்லாக் குழாயிலுமா? இந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது.

ஒன்றில் மட்டும் என்றால் அதன் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ருசி தெரியும், ஆனால் பல வீடுகளில் புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். சல்லடையை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். குழாயிலேயே வினிகரை ஊற்றாதீர்கள். கீழே சிந்தினால் தரை கெடும். பூ வேலைப்பாடு உள்ள ஆத்தங்குடித் தரைக் கல் சிமெண்டால் செய்தது. புளிப்பு எதுவாக இருந்தாலும் அதன் மேற்பரப்பை அரித்துவிடும், பூவின் நிறம் மங்கிவிடும்.

எல்லாவற்றிலும் என்றால் தொட்டியின் நீர்மட்டம், வால்வு, தொட்டி அடியில் சேர்ந்த சேறு என்ற வரிசையில் பாருங்கள். தண்ணீரின் வேகம் உயரத்தால் வருவது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கிலோ அழுத்தம். தொட்டி 3 மீட்டர்தான் மேலே இருந்தால் 0.3 கிலோதான் கிடைக்கும். மேல்மாடி ஷவரில் நூலாக வருவதைப் பழுது என்று எண்ணிக் குழாயை உடைக்க வேண்டாம்.

தொட்டி நிறைந்திருந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கும். தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியானால் இது நேரும். பழைய வீடுகளில் குழாய் உத்தரத்துக்கு மேல் ஏறி இறங்கிப் போவதால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடுகிறது. மற்றவற்றை மூடி, எல்லாவற்றிலும் தாழ்ந்த குழாயைமட்டும் முழுதாகத் திறந்து வையுங்கள். இருமி இருமிக் காற்று வெளியேறியபின் தண்ணீர் ஓடும். அடிக்கடி இப்படியானால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு காற்றுக்குழாயைத் தொட்டியைவிட உயரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அடைப்பு

நம் சமையலில் எண்ணெய் தாராளம். சிங்க்கின் அடைப்பு பெரும்பாலும் எண்ணெய்ப் பசையும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து இறுகியதுதான். சிங்க்கின் அடியில் வாளியை வைத்துவிட்டு, குடுவை போன்ற பாட்டில் ட்ராப்பின் அடிப்பகுதியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். அழுக்கை எடுத்து, கழுவி, உள்ளிருக்கும் ரப்பர் வளையம் விலகாமல் பூட்டுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடைப்பு அதற்கும் அப்பால் என்றால், சிங்க்கில் நான்கு விரற்கடைத் தண்ணீர் நிற்கும்போது ரப்பர் கப்பை வைத்து, வழிந்தோடும் துளை இருந்தால் அதை ஈரத்துணியால் அடைத்து, பதினைந்து இருபது முறை அழுத்தி இழுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விடுங்கள். கொதிக்கும் தண்ணீர் பிவிசி குழாயை இளக்கிவிடும்.

ஆசிட் வேண்டாம். தரைக் கல்லும் சுண்ணாம்பும் போய்விடும் என்பது ஒரு காரணம். உயிர் இன்னொன்று: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

வீட்டின் எல்லா வடிகாலும் ஒரே நேரத்தில் மந்தமானால் வெளியே வடிகால்கள் வந்து சேரும் குழியான சேம்பரைத் திறந்து பாருங்கள். அதில் கழிவுநீர் நிறைந்து நின்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. செப்டிக் டேங்க்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும், அவரே இறங்குகிறேன் என்றாலும் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

ஃப்ளஷ் டேங்க்

சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை டேங்க்கில் ஊற்றி அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பையில் சிவப்பு இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் மூடியை மாற்றுங்கள். மேலே உள்ள வழிகுழாய்க்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும்.

சுவரில் ஈரம்

இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கரிக்கட்டியால் குறியுங்கள். காலையில் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியின் வால்வையும் மூடிக் குறியுங்கள். இப்போது இறங்கவில்லை என்றால் கசிவு குழாயில். வால்வு வாரியாகச் செய்து பார்த்தால் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். வெளியே தெரிகிற குழாயில் கீறல் என்றால் சைக்கிள் ட்யூபை இழுத்து இறுகச் சுற்றிக் கட்டுங்கள். பிளம்பர் வரும்வரை தாங்கும்.

ஈரம் பட்ட சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் பக்கத்தில் நல்ல பூச்சாகப் பார்த்துக் கிளம்பும். கசிவை நிறுத்தி, காற்றோட்டமாக விட்டு, நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். புதுக்குழாயைச் சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டுக் கொண்டுபோங்கள். கண்ணுக்கு உறுத்தும் என்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது பின்சுவரோரம் வெளிப்படையாகத்தான் குழாய் போகிறது. கசிந்தால் அன்றே தெரிகிறது.

வீட்டைப் பூட்டும்போதும் திறக்கும்போதும்

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வீட்டைத் திறப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "உள்ளே நுழைந்ததும் சாக்கடை நாற்றம்" என்பது. குழாய் எதுவும் உடைந்திருக்காது. தரை வடிகால் துளையின் அடியிலுள்ள நஹானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்று, கீழிருந்து வரும் வாயுவை மறிக்கும். பூட்டிய வீட்டில் அது வற்றிவிடுகிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் அன்றே அடங்கும்.

திறக்கும் நாளில் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, முதலில் வரும் பழுப்புத் தண்ணீரை வெளிக்குழாயில் போகவிடுங்கள். காய்ந்த ரப்பர் எங்காவது விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டியைக் கழுவாமல் அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கிளம்பும் நாளில் மோட்டார் மின்சாரத்தையும் தொட்டி வால்வுகளையும் நிறுத்தி, கீழ்க்குழாய்களைத் திறந்து வடியவிட்டு மூடுங்கள். ஒவ்வொரு ட்ராப்பிலும் தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் சீக்கிரம் வற்றாமல் காக்கும். எந்த வால்வு எதற்கு என்று எழுதிய தாளில் ஒரு பிரதியைச் சமையற்கட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, இன்னொன்றைச் சாவியோடு சேர்த்து வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் கொடுத்து, ஒரு வால்வை அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.