பிறர் தொழும் இடத்தில் மூச்சைக் கவனிக்க உட்காருவது எப்படி?

ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி, எனக்கு 11 வருடப் பழக்கம். வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவள் நான். தெரியாத ஊரில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார இடம் தேடினால் ஒரு தேவாலயமோ குருத்வாராவோ பள்ளிவாசலோ கண்ணில் படும். "பௌத்தப் பயிற்சியை அங்கே செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் தொழுபவர் உங்களைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதபடி உட்கார முடிந்தால், தாராளமாகச் செய்யலாம்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். ஒரு கத்தோலிக்க தேவாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் மேலேயே சம்மணமிட்டு, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணை மூடிவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு பாட்டி என் தோளைத் தொட்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். அவர் கையில் ஜெபமாலை பாதியில் நின்றிருந்தது. அவருடைய ஜெபத்தை நான் கலைத்துவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி: உட்காரும் முறையை அந்த இடத்திடமே வாங்கிக்கொள்ள வேண்டும். நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலைகளிலும் கவனம் இருக்கலாம் என்று சதிபட்டான சுத்தா என்ற புத்தரின் உரை சொல்கிறது. சம்மணம் கட்டாயமில்லை. பெஞ்சு இருந்தால் சற்று முன்னால் நகர்ந்து, முதுகைச் சாய்க்காமல், இரண்டு பாதமும் தரையில் படிய உட்காருங்கள். கைகள் தொடையில் இருக்கட்டும். கண்ணைப் பாதி திறந்து முன்பெஞ்சின் முதுகைப் பார்த்தால் போதும். பல ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் மக்கள் நின்றே வழிபடுவார்கள். அங்கே நின்றுகொண்டு, எடை இரண்டு உள்ளங்கால்களிலும் சமமாக இறங்குவதை உணர்ந்து, மூச்சை வயிற்றில் பின்தொடரலாம். அங்கே உட்கார நேர்ந்தால் கால்மேல் கால் போடாதீர்கள், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

குருத்வாராவில் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள், அதனால் நமக்கு எளிது. தலையை மூடிக்கொள்ள வேண்டும். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் இருக்கும் பக்கம் காலை நீட்டக் கூடாது. 20 நிமிடத்தில் கால் மரத்துப்போகும், அப்போது பக்கவாட்டில் மடித்துக்கொள்ளுங்கள். வணங்க வருகிறவர்களின் வழியை விட்டு ஓரமாக உட்காருங்கள்.

பள்ளிவாசலில்தான் அதிகக் கவனம் வேண்டும். முதலில் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஐந்து வேளைத் தொழுகை நேரங்களையும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் தவிர்த்துவிடுங்கள். பெண்களுக்குத் தனி இடம் இருந்தால் நான் அங்கேதான் போவேன். பின்சுவரை ஒட்டியோ தூணை ஒட்டியோ உட்காருவது நல்லது. தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது, அதனால் எழும் முன் யாராவது தொழுகிறார்களா என்று பார்த்து, அவர் முடிக்கும்வரை இருங்கள். பாங்கு கேட்டால் எழுந்து இடத்தை அவர்களுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

மணி, ஊதுபத்தி, மணிமாலை, சின்ன புத்தர் சிலை எதையும் கொண்டுபோகாதீர்கள். 1986 அக்டோபர் 27 அன்று போப் இரண்டாம் ஜான் பால் பல சமயத் தலைவர்களை இத்தாலியின் அசிசி நகருக்கு அழைத்தார், தலாய் லாமாவும் போயிருந்தார். "ஒன்றாகச் சேர்ந்து ஜெபிக்க" வரவில்லை, "ஜெபிப்பதற்காக ஒன்றாக" வந்திருக்கிறோம் என்று அந்த நாளை விளக்கினார்கள். அப்படியிருந்தும் அங்கே ஒரு தேவாலயப் பலிபீடத்தில் புத்தர் சிலை வைக்கப்பட்டது பல கத்தோலிக்கர்களைப் புண்படுத்தியது. வீட்டுக்காரர் அழைத்த இடத்திலேயே இப்படி என்றால், அழைக்காமல் போகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "அமைதியாக மூச்சைக் கவனித்து உட்காருகிறேன்." உள்ளே விடுவதற்காக "ஜெபிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள், பொய் சொல்லாமை நம் ஐந்து சீலங்களில் ஒன்று. கேட்பவர் சம்மதிக்காமலும் போகலாம். மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-இல் வத்திக்கான் அறிவித்தது. ஜென் போன்ற கீழைத் தியான முறைகளைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு கலப்பதைப் பற்றி 1989-இல் அதே வத்திக்கான் எச்சரித்தது. ஆக, ஒரு பங்குத்தந்தை சரி என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஜெருசலேமில் அல்-அக்சா வளாகத்தில் மற்றவர்கள் பார்வையாளராகப் போகலாம், வழிபாடு முஸ்லிம்களுக்கு உரியது என்பது நெடுநாள் ஏற்பாடு. "இது வழிபாடு இல்லையே, வெறும் மூச்சுதானே" என்று அங்கே கண்ணை மூடி உட்காருவது ஏமாற்று வேலை என்பேன். அங்கே கண்ணைத் திறந்து நடந்து வந்தால் போதும்.

மண்டியிடுவதா, சிலுவைக் குறி போடுவதா? நான் செய்வதில்லை. அவை விசுவாசத்தின் சொற்கள், விசுவாசம் இல்லாமல் நான் சொன்னால் பொய்யாகும். நுழையும்போதும் கிளம்பும்போதும் தலையைச் சற்றுத் தாழ்த்துவேன். நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கப் போக மாட்டேன், இடத்தில் உட்கார்ந்தே இருப்பேன்.

உட்கார்ந்தபின் மணியோசை, பாட்டு, யாரோ விம்மி அழுவது எல்லாம் காதில் விழும். கேட்பதைக் கேட்பதாகக் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். "இவர்கள் ஆத்மா என்கிறார்கள், நாம் அனாத்மா என்கிறோம்" என்று மனம் பட்டிமன்றம் நடத்தும். எனக்கு அப்போது உபாலி நினைவுக்கு வருவார். சமணரான அவர் தன்னிடம் சேர வந்தபோது, "நன்றாக யோசித்துச் செய்" என்றார் புத்தர். "உன் வீடு நிகந்தர்களுக்கு (சமணத் துறவிகளுக்கு) நெடுநாள் ஊருணியாக இருந்திருக்கிறது, அவர்களுக்குத் தொடர்ந்து பிச்சையிடு" என்றும் சொன்னார். கடைசி ஐந்து நிமிடம் மெத்தா, அதாவது பிறர் நலமாக இருக்க வேண்டும் என்று அன்போடு நினைக்கும் பயிற்சி, செய்யுங்கள், அங்கே கண்ணில் படுகிறவர்களுக்கு ஒவ்வொருவராக: மெழுகுவத்தி ஏற்றுகிறவர், குழந்தையை அடக்குகிற அம்மா, பெருக்குகிறவர்.

நேரம் பார்க்க போன் வேண்டாம். அமைதியானபின் என் மூச்சு நிமிடத்துக்கு 12 அளவில் வரும். 10 மூச்சுக்கு ஒரு விரல் கணு. கட்டைவிரலால் தொட்டுப் போனால் ஒரு கையில் 12 கணு, இரண்டு கைக்கும் 24, ஏறக்குறைய 20 நிமிடம். இரண்டாவது கையின் கடைசிக் கணு வந்ததும், உங்கள் வரிசையில் யாரும் ஜெபத்தில் இல்லையென்று பார்த்து எழுந்திருங்கள். செருப்பை வாசலுக்கு வெளியே வந்து போட்டுக்கொள்ளலாம்.